மலைக்கு வெள்ளையடித்தவள்

நண்டும் நத்தையும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், வெண்கரை மலை கன்னங்கரேல் என்று இருந்தது. இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கடலோரமாகக் காத தூரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் வெள்ளைச் சுவரையும், அதன் தலைமேல் விரிந்து கிடக்கும் புல்வெளியையும், புல்லுக்கு நடுவே வளைந்து போகிற ஒற்றையடிப் பாதையையும் பார்த்துவிட்டு, செருப்பெல்லாம் வெள்ளையாக வீடு திரும்புகிறவர்களிடம் போய், "இது ஒரு காலத்தில் பானையடி மாதிரி கறுப்பாக இருந்தது" என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

மலைக்கு நடுவே ஒரு பிளவு உண்டு. இரண்டு தோணிகள் உரசாமல் போகலாம், அவ்வளவுதான் அகலம். அதுதான் துறைவாய். அதற்குள் நுழைந்துவிட்டால் அலையில்லாத தண்ணீர், மணல், முப்பது வீடுகள், அடுப்புப் புகை. நுழையத் தவறினால் பாறை. மற்ற மாதங்களில் யாரும் தவற மாட்டார்கள். தை மாதப் பனியில்தான் வினை. பனி இறங்கினால் மலையும் கறுப்பு, பிளவும் கறுப்பு, எது வழி எது சுவர் என்று தெரியாது. உச்சியில் தீ மூட்டிப் பார்த்தார்கள். பனி அதை விழுங்கிவிட்டது. கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். குரல் பாறையில் பட்டு நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்து தோணிக்காரர்களை இன்னும் குழப்பியது. ஒவ்வொரு தைக்கும் ஒரு தோணியாவது போய்விடும். போன தையில் போனது உலகம்மையின் தம்பி.

உலகம்மை சுண்ணாம்புக்காரி. கரையில் ஒதுங்கும் சிப்பியையும் சங்கையும் பொறுக்கிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது அவள் வேலை. அவள் புருஷன் மாசானம் தோணிக்காரன். ஒருத்தர் கடலுக்குள் போவார், ஒருத்தர் கடல் போட்டதை எடுப்பார். அப்படி ஒரு குடும்பம்.

சிப்பி சுடுவது அப்போது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுடுவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விரலால் மூன்று தட்டு தட்டி, "உள்ள யாரும் இருக்கியளா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் பதில் வரும். சில நத்தைகள் மரியாதையாகச் சொல்லும். சிலது, "கண்ணசந்த நேரத்திலதான் வந்து தட்டுவியளோ?" என்று வையும். வைதாலும் வாங்கிக்கொண்டு, பத்திரமாகக் கொண்டுபோய் அலையில் விட வேண்டும். பதில் வராவிட்டால் அது காலி வீடு, எடுத்துக்கொள்ளலாம். கடலுக்கும் சுண்ணாம்புக்காரர்களுக்கும் இருந்த பேச்சு இது. இந்தப் பேச்சை நம்பித்தான் கடல் தன் காலி ஓடுகளையெல்லாம் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தது.

தம்பி போனபிறகு உலகம்மைக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. துறைவாய்க்கு இரண்டு பக்கமும் பாறைக்கு வெள்ளையடித்துவிட்டால்? தண்ணீர் மட்டத்தில் பனி கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும். வெள்ளை தெரிந்தால் அது பாறை. வெள்ளைக்கு நடுவே கறுப்புத் தெரிந்தால் அது வழி. இதை அவள் ஊருக்குள் சொன்னபோது, பக்கத்து வீட்டுப் பொன்னுருவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏளா, மலைக்கா வெள்ளையடிக்கப் போற? அப்புறம் கடலுக்கு மஞ்ச பூசுவியோ?"

மாசானமும் விடவில்லை. "நம்ம வீட்டுச் செவுரு ரெண்டு பொங்கலாச் சுண்ணாம்பு காணாம நிக்கி. இவ மலைக்கு அடிக்கப் போறாளாம்" என்றான். ஆனால் மார்கழியில் ஊரின் ஒன்பது தோணிகளும் தூரக் கடலுக்குப் புறப்பட்ட அன்றைக்கு, துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவன், சிரிக்காமல் சொன்னான்: "நீ அடிச்சு வையி. நான் அதப் பாத்து வாரேன்."

அந்த ஒரு சொல்தான் உலகம்மையை ஓட வைத்தது. பிளவுக்கு நேர் மேலே, மலை விளிம்பில் புதுக் காளவாய் ஒன்றைக் கட்டினாள். ஒரு ஆள் உயரம், கல்லும் மண்ணும் வைத்த சுவர். நிலத்துப் பக்கம் துருத்தி வைக்கிற கண். கடல் பக்கச் சுவரைக் கடைசியில் கட்டியதால் அது கொஞ்சம் மெலிவாகத்தான் அமைந்தது. ஒரு வருஷமாகப் பொறுக்கி வைத்திருந்த சிப்பியையெல்லாம் கூடை கூடையாகத் தலையில் தூக்கிக்கொண்டு மலையேறினாள்.

அந்தப் பாதை நடக்க நன்றாகத்தான் இருக்கும். முதலில் தாழம்புதர், அப்புறம் நாலு பனை, அதைத் தாண்டினால் கணுக்கால் அளவுப் புல். இடது கைப்பக்கம் கம்பங்கொல்லையும் ஆட்டுப்பட்டியும், வலது கைப்பக்கம் கடல். காற்று ஒருநாளும் சும்மா இருக்காது. வேலை இல்லாமல் நடந்தால் மனசு நிறையும். தலையில் கூடையோடு ஒரு நாளைக்குப் பதினாலு தடவை நடந்தால் முழங்கால்தான் நிறையும், வலியால். புல்லுக்குள் இருந்த முயல், "நாளைக்கு வாயேன், இன்னைக்குத்தான் எத்தனை நடை!" என்று பரிதாபப்பட்டது. உலகம்மைக்கு நின்று பேச நேரமில்லை.

புல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அதன் வாயில் ஒரு சேதி நிற்காது. தை பிறந்து நாலு நாள் ஆனதும் அது கடல் பக்கமிருந்து கத்திக்கொண்டே பறந்து வந்தது.

"வந்துட்டாங்க! வந்துட்டாங்க! ஒம்பது தோணியும் மணல்திட்டு தாண்டியாச்சு. நாளைக்குப் பொழுது ஏறும்போது கரை!"

உலகம்மைக்குக் கை கால் ஓடவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றல்லவா இருந்தாள்? பனியோ அன்றைக்குக் காலையிலேயே அடர்த்தியாக இறங்கியிருந்தது. அவள் உடனே காளவாய்க்குத் தீ வைத்தாள். கரியும் பனைமட்டையும் ஒரு அடுக்கு, சிப்பி ஒரு அடுக்கு. எரிய எரியச் சிப்பி கீழே அமிழும். அமிழ அமிழ மேலே புதிதாகப் போட வேண்டும். துருத்தி ஊத ஒரு ஆள் வேண்டுமே என்று அவள் நினைக்கும்போதே பொன்னுருவி முந்தானையைச் செருகிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். சிரித்தவள்தான். ஆனால் அந்த ஒன்பது தோணியில் ஒன்று அவள் புருஷனுடையது.

"அந்தத் துருத்தியக் குடுளா" என்றாள். வாங்கி உட்கார்ந்து ஊதத் தொடங்கினாள்.

மறுநாள் விடிந்தபோது முக்கால்வாசி வெந்துவிட்டது. இன்னும் மூன்று கூடைச் சிப்பி பாக்கி. அதையும் போட்டு, வெந்ததும் திறந்து, தண்ணீர் விட்டு நீற்றி, கயிற்றில் இறங்கித் தாழை மட்டையால் பூச வேண்டும். பொழுது ஏறுவதற்குள் முடியுமா? முடியலாம். ஒரு மூச்சுகூட வீணாக்காமல் இருந்தால் முடியலாம்.

மூன்று கூடை என்றால் ஆயிரம் சிப்பிக்குக் குறையாது. ஒவ்வொன்றாகத் தட்டி, கேட்டு, காத்திருந்தால் பொழுது உச்சிக்கு வந்துவிடும். உலகம்மை கூடைகளைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். கடல் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. அப்போதுதான் அவள் பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். மூன்று கூடைக்கும் சேர்த்து, கூடை விளிம்பில் மூன்று தட்டு தட்டி, ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டாள்.

"எல்லாருக்கும் சேத்துக் கேக்கேன். உள்ள யாரும் இருக்கியளா?"

துருத்தி புஸ் புஸ் என்று இரைந்துகொண்டிருந்தது. பதில் எதுவும் காதில் விழவில்லை. கேட்டாயிற்று, முறை முடிந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டு மூன்று கூடையையும் மேலே கவிழ்த்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பொன்னுருவி முகத்து வேர்வையைத் துடைக்கத் துருத்தியை நிறுத்தினாள். அந்த ஒரு நொடி அமைதியில், காளவாயின் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கொசு முனகுவது போல அவ்வளவு சின்னக் குரல்.

"வெளிய யாரும் இருக்கியளா?"

உலகம்மை காளவாயின் விளிம்புக்குப் பாய்ந்தாள். எட்டிப் பார்த்தாள். கை எட்டாத ஆழத்தில், வெள்ளைச் சங்கு ஒன்று சிப்பிகளுக்கு நடுவே கிடந்தது. அதன் வாயில் இரண்டு கண் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தனக்கென்று ஓடு இல்லாமல், காலிச் சங்கு பார்த்துக் குடியேறுமே, அந்த நண்டு. அதிலும் சின்னது.

"அய்யோ, நான் கேட்டேனே! நீ சொல்லலியே!"

"சொன்னேன் தாயி. என் குரல் அவ்வளவுதான்" என்றது நண்டு. "நேத்து, கூடை கரையில இருந்தப்பதான் இந்த வீட்டுக்கு வந்தேன். கீழ சுடுது தாயி."

உலகம்மை பனைமட்டையை நீட்டினாள். நண்டு பிடிக்கப் பார்த்தது. மட்டை பட்டுச் சிப்பி சரிந்து, சங்கு இன்னும் ஒரு சாண் கீழே போனது. மட்டையின் நுனி கருகி வந்தது. அடியில் கனன்ற தீ ஒவ்வோர் அடுக்காக மேலே ஏறிக்கொண்டிருந்தது. இனி ஒரே வழிதான். கடல் பக்கத்து மெலிந்த சுவரை உடைத்தால், அடியில் உள்ள தீயும் வெந்த சிப்பியும் வெளியே ஓடிவிடும். மேலடுக்கு மட்டும் மெல்லக் கீழே இறங்கும். நண்டை எடுத்துவிடலாம். ஆனால் சுட்டதெல்லாம் கடலோடு போகும்.

அவள் கடப்பாரையை எடுத்ததைப் பார்த்துப் பொன்னுருவி பதறிப்போய் நடுவில் வந்து நின்றாள்.

"ஒனக்குக் கிறுக்காளா? ஒத்த நண்டு! அங்க ஒம்பது தோணி வருது. ஒன் புருஷன் வாரான், என் புருஷன் வாரான். ஒத்த நண்டுக்காக அத்தன பேரையும் பாறையில விடப் போறியா?"

பொன்னுருவி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. மாசானம் துடுப்போடு நின்றது உலகம்மையின் கண்ணுக்குள் வந்தது. 'நான் அதப் பாத்து வாரேன்.' கடப்பாரையைக் கீழே போட்டுவிடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். அதை ஒளிப்பானேன்? நினைத்தாள்.

அப்போது மறுபடியும் அந்தக் குரல்.

"வெளிய யாரும் இருக்கியளா?"

"எக்கா, கேட்டியளா?" என்றாள் உலகம்மை. "நம்ம ஆளுக பனிக்குள்ள நின்னுக்கிட்டு இந்நேரம் இதையேதான கேட்டுக்கிட்டு இருப்பாக? என் தம்பியும் இதத்தான் கேட்டிருப்பான். யாரும் இருக்கியளா, யாரும் இருக்கியளான்னு. நம்ம காதுல விழல. இது விழுந்துட்டு. காதுல விழுந்த பெறகு நான் எப்படி இல்லன்னு இருப்பேன்?"

பொன்னுருவி வழிவிட்டு விலகவும் இல்லை, மறிக்கவும் இல்லை. உலகம்மை அவளைச் சுற்றிக்கொண்டு போய், கடல் பக்கத்துச் சுவரில் கடப்பாரையை ஓங்கி இறக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது குத்தில் சுவர் வாய் பிளந்தது.

செக்கச்செவேல் என்று தீயும், வெந்த சிப்பிகளும் மடமடவென்று வெளியே சரிந்து விளிம்பைத் தாண்டிக் கொட்டின. ஒரு வருஷத்து உழைப்பு, பதினாலு பதினாலு நடையாக ஏறிய உழைப்பு, ஒரே பாய்ச்சலில் கடலுக்குப் போனது. மேலடுக்கு மெல்ல இறங்கி உடைப்பருகே வந்து நின்றது. உலகம்மை கையை உள்ளே விட்டுச் சங்கை எடுத்தாள். உள்ளங்கை பொத்துப்போனது. சங்குக்குள் இரண்டு கண் நீண்டு, அவளைப் பார்த்தது.

"இருக்கேன் தாயி" என்றது நண்டு.

உலகம்மை சங்கை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பொன்னுருவியும் தள்ளி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்குச் சண்டைதான்.

கீழே என்னவோ சத்தம் கேட்டது. தாளிக்கும்போது வருமே, அந்த மாதிரிச் சடசடப்பு. முதலில் லேசாக, அப்புறம் மலை முழுக்க.

சுண்ணாம்புக்காரிக்கு அந்தச் சத்தம் தெரியாதா? உலகம்மை எழுந்து விளிம்புக்கு ஓடினாள். கொதிக்கக் கொதிக்கக் கொட்டிய சிப்பி கடலுக்குள் போகவில்லை. போனது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பாறை மடிப்பிலும் பொந்திலும் திட்டிலும் தங்கிவிட்டது. சுட்ட சிப்பிக்குத் தண்ணீர் பட்டால் போதுமே. அன்றைக்குப் பனி அத்தனையும் தண்ணீர்தானே? போதாததற்கு அலைச்சாரல் வேறு. சிப்பி நீறியது. பொங்கியது, வெடித்தது, பூவாக உதிர்ந்தது, பாலாக வழிந்தது. வழிந்ததை அலை வாரி எடுத்துப் பாறையில் அடித்தது. இந்தப் பக்கம் ஒரு பூச்சு, அந்தப் பக்கம் ஒரு பூச்சு. கயிற்றில் தொங்கிக்கொண்டு உலகம்மை ஒரு பட்டை அடிக்கலாம் என்று இருந்தாள். கடல் தானே மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டது.

"எக்கா, இங்க வாங்க! வந்து பாருங்க!"

பொன்னுருவி வந்து பார்த்தாள். பிளவுக்கு இரண்டு பக்கமும் மலை வெள்ளைவெளேர் என்று நின்றது. நடுவில் துறைவாய் மட்டும் கறுப்பாக, கதவு திறந்து வைத்த வாசல் மாதிரி. பொன்னுருவி உலகம்மையின் பொத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை. இத்தனைக்கும் ஊரிலேயே பெரிய வாய்க்காரி அவள்.

சரியாக அந்த நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரும் இருக்கியளா?"

"இருக்கோம்!" என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். "வெள்ளைக்கு நடுவுல வாங்க! கறுப்புலதான் வழி! இருக்கோம், வாங்க!"

ஆள்காட்டிக் குருவி சும்மா இருக்குமா? அதுவும் பறந்து பறந்து கத்தியது. முதல் தோணியின் மூக்கு பனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொஞ்சம் திணறியது, திரும்பியது, நேராகப் பிளவுக்குள் நுழைந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. பொன்னுருவி விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது விரல் மடங்கியதும் அவள் புல்லில் விழுந்து குழந்தை மாதிரிச் சிரித்தாள்.

மாசானம் மணலில் இறங்கியதும் மலையை மேலிருந்து கீழாகப் பார்த்தான். மலையிலிருந்து ஓடி இறங்கி வந்த உலகம்மையைப் பார்த்தான். "ரெண்டு பட்டை அடிப்பன்னு பாத்தேன். இப்படி அண்டாவோட கவுத்திருக்கியே?" என்றான். அவள் அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மடியில் இருந்த நண்டு, "பாத்து, பாத்து, நசுங்குது" என்றது.

நண்டை அன்றைக்கே அலையில் கொண்டுபோய் விட்டார்கள். அது சும்மா போகவில்லை. கடலுக்கு அடியில் யார் யாரிடம் எல்லாம் போய் என்ன சொன்னதோ, அடுத்த நாள் காலையில் கரையில் காலி ஓடுகள் குவிந்து கிடந்தன. பெரியது, சின்னது, கண்ணுக்கே தெரியாத தூசிச் சிப்பி வரைக்கும். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. உலகம்மை அதையெல்லாம் சுட்டு மலைக்குப் பூசினாள். ஊரும் சேர்ந்துகொண்டது. வருஷக்கணக்காகப் பூசிப் பூசி மலை மேலே மட்டுமில்லாமல் உள்ளேயும் வெள்ளையாகிவிட்டது. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு எடுத்துச் சுரண்டிப் பாருங்கள், பொடிப்பொடியாகச் சிப்பிதான். பூச்சு அழுக்கேறக் கூடாது என்று கடல் இன்றைக்கும் அந்த மலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, புது வெள்ளையை வெளியே எடுத்து வைக்கிறது.

உலகம்மை மட்டும் ஒன்றை மாற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் தட்டிவிட்டு, கேட்டுவிட்டு, அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சங்கையும் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். குரல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விழ வேண்டுமே. அவளைப் பார்த்துப் பொன்னுருவியும் அப்படியே செய்தாள். பொன்னுருவி செய்தால் ஊர் செய்யும்.

நண்டும் நத்தையும் பேச்சை நிறுத்தி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்கள், அந்த வெள்ளை மலைக்குப் போனாலும் சரி, வேறு எந்தக் கரைக்குப் போனாலும் சரி, காலில் ஒரு சங்கு தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து முதல் காரியமாகக் காதில் வைத்துப் பார்க்கிறார்கள். கேட்டால், அலை இரைச்சல் கேட்கிறதா என்று பார்க்கிறோம் என்பார்கள். அது பிற்பாடு வந்த பேச்சு. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று நம் காது காத்து நிற்கத் தொடங்கியது, உலகம்மை சுவரை உடைத்த அந்தக் காலையிலிருந்துதான்.